பின்கழுத்துப் பொத்தான்

நூலைப் பல்லால்தான் கடிக்கிறாள் பாண்டிமீனா. கழுத்தில் தொங்கும் கத்தரிக்கோல் சும்மா. ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், ஜாக்கெட்டும் பிராக்கும் தைக்கிற சின்னக் கடை அவளுடையது. யாரிடம் என்ன பேச ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் தமிழ்வாணியிடம் வந்து நிற்கும்.

மகள் பவதாரிணி படிக்கிற மாண்டிசோரி பள்ளியின் ஆசிரியை தமிழ்வாணி. பிள்ளைகளுக்கு ஆன்ட்டி. அங்கே நாலு வயதுப் பிள்ளைகள் பாய் விரித்து வேலை செய்து, முடிந்ததும் தாங்களே சுருட்டி வைக்கிறார்கள். ஜாடியிலிருந்து சிந்தாமல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஆன்ட்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்.

"சும்மா நிக்கிறவுகளுக்கு அம்புட்டு மரியாதை. பெத்தவளுக்கு ஒரு வேலையும் கிடையாது" என்பாள் பாண்டிமீனா.

உண்மைதான். சோறு ஊட்டப் போனால் மகள் வாயை மூடிக்கொள்கிறாள். தலைவாரப் போனால் சீப்பைப் பிடுங்குகிறாள். "ஆன்ட்டி என்னையே செய்யச் சொன்னாங்க" என்று வேறு சொல்லும்போது இவளுக்கு வயிறு எரிகிறது. ஒருநாள் ஆன்ட்டியின் ஜாக்கெட் தையல் சரியில்லாமல் தோளில் இறங்கியிருந்ததைப் பார்த்துவிட்டாள். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

பிள்ளைகளே மாட்டிக்கொள்ள வசதியாக முன்பக்கம் பொத்தான் வைத்த உடைதான் வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். பாண்டிமீனா புது பிராக்கில் பொத்தான்களைக் கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகுப்பக்கம் வைத்துத் தைத்தாள்.

"முதுகுக்குக் கை எட்டாதுல்ல. எங்கிட்டத்தான வரணும்" என்று பக்கத்துக் கடை அழகம்மாளிடம் சொல்லிச் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை, மகள் கூப்பிடுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். குரலே வரவில்லை. பவதாரிணிதான் வந்தாள். பிராக்கை முன்பின்னாகத் திருப்பிப் போட்டு, கீழிருந்து மேல்வரை பொத்தான் மாட்டியிருந்தாள். ஒன்றுகூட மாறவில்லை. பள்ளியில் மரச்சட்டத்தில் கட்டிய துணியில் பொத்தான் மாட்டிப் பழகிய விரல்கள்.

"நானே போட்டுட்டேன். ஆன்ட்டிகிட்டக் காட்டணும்."

பாண்டிமீனா அவளைக் கிட்டே இழுத்தாள். முத்தம் கொடுப்பவள் போலக் கழுத்தருகே குனிந்து, மேல் பொத்தானின் நூலைக் கடித்தாள்.

"பொத்தான் அந்துருச்சே தாயி. இரு, அம்மா தச்சுத் தாரேன்."

ஊசியில் நூல் கோத்தாள். பவதாரிணி கழுத்து தெரிய நாடியைத் தூக்கிக்கொண்டு, அசையாமல் நின்றாள்.