சனிக்கிழமை மட்டும் நின்றுபோன பில்

கரமனையில் ஒரு அக்ரஹாரத் தெரு வீட்டின் முன்னறைதான் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் சாரும் நானும். கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்போம். இணையத்தில் ஓடுவது அல்ல. கடைக்காரரின் கம்ப்யூட்டரிலேயே ஏற்றி, அங்கேயே ஓடுவது. சார் எழுதுவார். நான் கடை கடையாகப் போய் ஏற்றிக் கொடுப்பேன், பழுது பார்ப்பேன், சிலசமயம் சின்னச் சின்னதாக எழுதவும் செய்வேன். பின்னறையில் ஒரு பாயும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் என்னுடையவை.

அதற்கு முன் நான் எங்கும் நிலைத்ததில்லை. போனக்காட்டு எஸ்டேட்டில் பிறந்தேன். கூலி ஒழுங்காக வராமல் போனபோது வித்துரா பள்ளியில் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஓட்டலில் மேசை துடைத்தேன், நாகர்கோவிலில் டைல்ஸ் ஒட்டினேன், தம்பானூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தரை கூட்டினேன். அங்கே கடைசி பெஞ்சில் காலியாக ஒரு மிஷின் கிடந்தது. கூட்டி முடித்துவிட்டு உட்கார்ந்துகொள்வேன். யாரும் எழுப்பவில்லை. அப்படித்தான் கற்றேன், அரைகுறையாக. எந்த இடத்திலும் சலிப்பு வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கரமனையில் மட்டும் அந்தச் சலிப்பு வரவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடை எங்கள் வாடிக்கை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பேச்சில் பாதி மலையாளம் ஏறிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலையில் அவர் போன் செய்தார்.

"தம்பி, பில் நின்னு போச்சு. போணி பில்லாக்கும், கேட்டியா? முதல் பில்லே வெளிய வரல்ல."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பண்ணினோம், சரியாச்சு. ஆனா போணி நின்னது நின்னதுதானே."

அடுத்த சனிக்கிழமையும் போன். அதற்கடுத்த சனிக்கிழமையும். அன்றைய முதல் பில் மட்டும். மூடித் திறந்தால் ஓடும். பிறகு வாரம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. நான் திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன், புதன்கிழமை போய்ப் பார்த்தேன். மிஷின் சமர்த்தாக பில் போட்டது. கரமனையில் என் மிஷினிலும் அப்படியே.

பிழை எந்த வரியில் என்று புரோகிராமே எழுதிவைத்திருந்தது. அது நான் சேர்த்த வரி. சமீபத்தில் அந்தக் கடையில் ஏற்றிய புதிய பதிப்பில், திரையின் அடியில் ஒரு பச்சைப் பட்டை வைத்திருந்தேன். காலையில் புரோகிராம் திறந்ததிலிருந்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஒவ்வொரு பில்லுக்கும் கணக்கிட்டு, பட்டை கொஞ்சம் நீளும். யாரும் கேட்கவில்லை, அழகுக்கு வைத்தது. அந்தப் பட்டைக்கு ஏற்காத ஓர் எண் வந்திருக்கிறது, அதனால் நின்றேன் என்றது புரோகிராம்.

எண் பெரிதாகிவிட்டது என்று நினைத்து, பட்டையின் உச்ச வரம்பைக் கூட்டினேன். சனிக்கிழமை நின்றது. சாரிடம் பட்டையையே எடுத்துவிடலாம் என்றேன்.

"எடுத்துட்டா? காரணம் என்னன்னு நோக்குத் தெரியுமோ?"

"தெரியாது சார்."

"அப்ப எடுக்காதே. இன்னிக்குப் பட்டையில நிக்கறது, நாளைக்கு ஸ்டாக்குல போய் நிக்கும். அந்த எண் என்னன்னு எழுதி வைக்கச் சொல்லு மொதல்ல."

சொன்னபடி செய்தேன். அடுத்த சனிக்கிழமை அந்த எண் கிடைத்தது. மைனஸ் பதினொன்று.

நான் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்த நேரத்திலிருந்து பில் போட்ட நேரம் வரை எத்தனை நிமிடம்? மைனஸ் பதினொன்று. அதாவது திறப்பதற்குப் பதினொரு நிமிடம் முன்பே பில் போட்டிருக்கிறார்கள். திறந்தது ஒன்பது மணி இரண்டு நிமிடம். பில்லின் நேரத்தைப் பார்த்தேன். எட்டு ஐம்பத்தொன்று. அந்தக் கடையில் ஷட்டர் தூக்குவதே ஒன்பது மணிக்கு. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பதுக்கு முன்னால் போய் நடைபாதையில் நின்றிருக்கிறேன்.

மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் கடிகாரம் பின்தங்கும். சனிக்கிழமை மட்டும் தீருகிற பேட்டரி உலகத்தில் கிடையாது என்று தெரிந்தும், புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கல்லாவில் இருக்கும் சேச்சியிடம் கேட்டேன். அவர்தான் பில் போடுகிறவர்.

"சேச்சி, சனிக்கிழமை புதுசா ஏதாவது செய்யறீங்களா? வேற பட்டன் ஏதாவது?"

"புதுசா ஒண்ணும் இல்ல மோனே. எப்பவும் செய்யறதுதான்."

முதலாளியிடமும் கேட்டேன். "நாங்க என்னத்த செய்ய? மிஷின் உன்னோடது, அசுகம் எங்களுக்கா?" என்றார்.

பேட்டரி மாற்றிய பிறகும் நின்றது. இந்தமுறை அவர் என்னைக் கூப்பிடவில்லை, சாரைக் கூப்பிட்டார். சார் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். அவர் கத்துகிறவர் இல்லை.

"வர சனிக்கிழமையும் நின்னா, நமக்கு முன்னே வெச்சிருந்த பழைய சாஃப்ட்வேருக்கே போயிடறாளாம். அந்தத் தெருவுல பாதிக் கடை அவரைப் பாத்துத்தான் நம்மகிட்ட வந்தது. அவர் போனா எல்லாரும் போயிடுவா."

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பின்னே நான் ஒருத்தனே பாத்துப்பேன். நோக்கு வேற எடம் பாக்க வேண்டியிருக்கும். இப்பவே சொல்லிட்டேன், அப்பறம் சொல்லலேன்னு வேண்டாம்."

சரி சார் என்றேன். எத்தனையோ இடத்தை நானே விட்டு வந்திருக்கிறேன். போ என்று ஒருவர் சொல்லப்போவதற்காகக் காத்திருப்பது அதுதான் முதல் தடவை. பின்னறைப் பாயில் உட்கார்ந்து, எட்டு ஐம்பத்தொன்று, ஒன்பது இரண்டு, மைனஸ் பதினொன்று என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை.

சனிக்கிழமை நேரில் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பார்க்கத்தான் போனேன், முன்பே இருமுறை. உள்ளே விடவில்லை. போணி ஆகாமல் பழுது பார்க்கிறவன் கடைக்குள் காலை வைக்கக் கூடாது.

"நீ செத்த அங்க நில்லு தம்பி. போணி கழியட்டும், பின்னே கேறிக்கோ," என்பார் முதலாளி. அவர் உள்ளே கூப்பிடுவதற்குள் பில் நின்று, மூடித் திறந்து, எல்லாம் முடிந்திருக்கும். நான் உள்ளே போகும்போது சேச்சி இரண்டாவது பில்லைப் போட்டுக்கொண்டிருப்பார், நல்லபடியாக.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை நடைபாதையில் நிற்கும்போதுதான் ஒன்று தோன்றியது. பழுது பார்க்கிறவன்தானே போகக் கூடாது? வாங்க வருகிறவனை யார் தடுப்பார்கள்? பையைப் பக்கத்துப் பழக்கடையில் வைத்துவிட்டு, ஷட்டர் ஏறியதும் உள்ளே போனேன்.

"எடா, போணி ஆகல்ல," என்றார் முதலாளி.

"வாங்க வந்தேன் அண்ணாச்சி. ஒரு டம்ளர் வேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாங்க வந்தவனை வெளியே நிற்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "வாங்கறவன் போல வந்தா வாங்கணும், கேட்டியா? பாத்துட்டு வேண்டான்னு வெச்சா போணி போச்சு."

"வாங்குவேன்."

எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துக் கல்லாவுக்குக் கொண்டுபோனேன். சேச்சி ஊதுபத்தி ஏற்றி, திரைக்கு மேல் குங்குமம் வைத்து முடித்திருந்தார். புரோகிராம் திறந்திருந்தது. பட்டை காலியாக இருந்தது. அவர் டம்ளரைப் பதிந்தார். பிறகு, சேமிக்கும் பட்டனுக்குப் போகாமல், மவுஸைத் திரையின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோய் நேரத்தின் மேல் அழுத்தினார். ஒன்பதே கால் ஆகப்போகிறது. அவர் எட்டு ஐம்பது என்று மாற்றினார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வது போல, அவ்வளவு சாதாரணமாக.

"சேச்சி, இது என்ன?"

"என்னது?"

"நேரத்த மாத்தினீங்களே."

"அது ராகுகாலம் அல்லே மோனே. சனியாழ்ச்ச ஒம்பதுல இருந்து பத்தர. போணி பில்லுல ராகுகால மணி அடிச்சு வரக்கூடாது. முதலாளி சொல்லியிருக்கு. போணி கழிஞ்சா திரிச்சு வைப்பேன்."

அவர் சேமித்தார். புரோகிராம் நின்றது. நடுத் திரையில் அந்தச் செய்திப் பெட்டி.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது, விளங்கிய அளவுக்குக் குழப்பமாகவும் இருந்தது. மற்ற நாள்களில் கடை திறக்கும் நேரத்தில் ராகுகாலம் இல்லை. சனிக்கிழமை மட்டும் இருக்கிறது. திறந்த நேரம் ஒன்பதுக்கு மேல், பில்லின் நேரம் ஒன்பதுக்குக் கீழ். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மைனஸ். மூடித் திறக்கும்போது கடிகாரம் ஏற்கெனவே பின்னால் இருப்பதால் கழித்தல் சரியாகிவிடுகிறது. புதிதாக ஏதாவது செய்கிறீர்களா என்று நான் கேட்டேன். அவர்களுக்கு இது புதிதில்லை. பழைய சாஃப்ட்வேரிலும் எங்கள் முந்தைய பதிப்பிலும் மாற்றியிருக்கிறார்கள், அவற்றில் பட்டை இல்லை, அவை நிற்கவில்லை. போணி கெடக்கூடாது என்று செய்ததுதான் போணியைக் கெடுத்திருக்கிறது.

முதலாளி வந்து பெட்டியைப் பார்த்தார். "உன் கையால போணி. நின்னாச்சு."

"என் கையில்லை அண்ணாச்சி, கடிகாரம்," என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ மாத்தாண்டாம்னு சொல்லுதியா? சனிக்கிழமை ராகுகாலத்துல போணி போடவா?"

"கடையை ராகுகாலத்துலதானே திறக்கிறீங்க?"

"திறக்காம இருக்க ஒக்குமா? எதிர்க்கடைக்காரன் திறப்பானே. திறக்கறது வேற. பேப்பர்ல அடிச்சு வாறது வேற. முன்ன கையால எழுதின பில்லுல மணி உண்டா? மிஷின்னு ஒண்ணு வந்த பின்னேதான் மணியும் வந்தது."

அங்கிருந்தே சாருக்குப் போன் செய்தேன். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு முதலாளியிடம் கொடுக்கச் சொன்னார். காதுக்கு எட்டியவரை, பேப்பரில் மணியே அடிக்காமல் செய்துவிடலாம் என்றார் போல.

"உள்ள மணி இருக்குமா சாமி?" என்றார் முதலாளி.

சார் ஏதோ சொன்னார்.

"உள்ள இருந்தா மிஷினுக்குத் தெரியுமே. அது ஒக்காது."

பேச்சு நீண்டது. ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று சார் கேட்டிருக்க வேண்டும். நாள் மாறவில்லை, மணிதானே மாறுகிறது, ஆடிட்டரே சனிக்கிழமை பத்தரைக்கு முன்னால் கையெழுத்துப் போடமாட்டார் என்றார் முதலாளி. கடைசியில், இன்னும் ஒரு சனிக்கிழமை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார்.

"அவா கடிகாரம், அவா இஷ்டம். என்ன வேணா பண்ணிக்கட்டும். நீ அதை நம்பாதே. திறந்ததுலேர்ந்து எத்தனை நிமிஷம்னு புரோகிராமே தனியா எண்ணிக்கட்டும். ஸ்டாப்வாட்ச் மாதிரி. எழுதத் தெரியுமோல்யோ?"

"தெரியும் சார்," என்றேன். தெரியாது. அந்த வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

எழுதுவது சில வரிகள்தான். ஆனால் எழுதும்போது தலை சுற்றியது. ஒரே புரோகிராமுக்குள் இரண்டு காலம் ஓட வேண்டும். ஒன்று கடைக்காரர் சொல்வது, மற்றது அதுவே எண்ணுவது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அது குற்றமில்லை என்று நானே எழுதிவைக்கிறேன். இது பிழையைத் திருத்துவதா, பிழைக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பதா என்று எனக்குப் புரியவில்லை. சாரிடம் கேட்டேன். "ஓடறதா பாரு," என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் ஏற்றிவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் பையைப் பழக்கடையில் வைத்துவிட்டுப் போனேன், என்னை மறுபடி நடைபாதையிலேயே நிறுத்திவிட்டார்கள். டம்ளர் வாங்கும் தந்திரம் இனி செல்லாது என்று முதலாளி முன்பே சொல்லிவிட்டார். ஒரு அம்மாள் குழந்தையோடு வந்து இட்லிப் பாத்திரம் பேரம் பேசினார். இதை எடுத்தார், அதை வைத்தார். ஒருவழியாகக் கல்லாவுக்குப் போனார். சேச்சியின் கை திரையின் ஓரத்துக்குப் போவது வெளியிலிருந்தே தெரிந்தது. பிறகு பிரிண்டர் கிறீச்சிட்டது. அந்த அம்மாள் பில்லைப் பைக்குள் திணித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்.

சேச்சி எட்டிப் பார்த்தார். "கழிஞ்சு. கேறி வா."

முதலாளி அடுத்த ஆளுக்குத் தட்டு எடுத்துக் காட்டப் போய்விட்டார். நின்றால் போன் செய்வார், ஓடினால் அவருக்கு என்னிடம் பேச என்ன இருக்கிறது. நானே சாரைக் கூப்பிட்டேன்.

"ஓடிடுத்தா?"

"ஓடிருச்சு சார்."

"சரி. நெடுமங்காட்டுல ஒரு மருந்துக் கடை. மழை பேஞ்சா மட்டும் ஸ்டாக் தப்பாக் காட்டறதாம். அங்கேர்ந்தே பஸ் பிடிச்சுப் போயிடு. சாயங்காலம் வந்து சொல்லு."

வேலையில் இருக்கிறேனா, இல்லையா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பழக்கடையில் பையை வாங்கிக்கொண்டு, மழைக்கும் மருந்து இருப்புக்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும் என்று யோசித்துக்கொண்டே கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்கு நடந்தேன். ஒன்றும் புரியவில்லை.