நான் திறக்காத பிஸ்கட் டின்

மூன்று வருடத்துக்கு முன்னால், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்யும் கேட்டரிங் சமையலறையில் நடந்தது இது. சாப்பாட்டு வேன் ஓட்டியவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். "யாரு முதல்ல லைசென்ஸ் எடுக்கிறீங்களோ அவங்களுக்குத்தான் வேன்" என்றார் முதலாளி. அடுப்பை விட்டு வெளியே போக எனக்கு அது ஒன்றுதான் வழி.

என்னோடு வெங்காயம் வெட்டுகிறவளும் பெயர் கொடுத்தாள்.

முதலில் உண்டாங் சோதனை. சாலை விதிகளைக் கணினியில் கேட்பார்கள். நான் ஆறாம் ஆண்டோடு பள்ளியை நிறுத்தியவள். புத்தகத்தைத் தினமும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். மறுநாள் பாதி ஞாபகத்தில் இருக்காது. அவளும் பெரிதாகப் படித்தவள் இல்லை. அதுதான் எரிச்சல். கேள்விகளைத் துண்டு அட்டைகளில் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள். டீ நேரத்தில் பத்து அட்டை எடுப்பாள், அவ்வளவுதான்.

"சரியா சொன்ன அட்டை நாலு நாள் கழிச்சுதான் வரும்க்கா. தப்பு விட்டது நாளைக்கே வரும்."

"இது என்ன, சீட்டாட்டமா?" என்றேன். சிரித்தாள். ஆனால் எதைக் கேட்டாலும் பதில் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது.

சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த டின்னை என் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

"காணோம் லா அக்கா" என்று அலமாரிக்கு அடியில் தேடினாள். நானும் குனிந்து தேடினேன்.

பிறகு பழைய ரசீதுகளின் பின்பக்கத்தில், ஞாபகத்திலிருந்தே எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தாள். வராததை மட்டும் புத்தகத்தில் பார்த்தாள். டின் இருந்திருந்தால்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டாள்.

பூச்சோங்கில் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் சோதனை. அவள் தேறினாள். நான் தேறவில்லை.

மறுநாள் டின்னை அவள் முன்னால் வைத்தேன். "நான்தான் எடுத்தேன்" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். டின்னைத் திறந்தாள். அட்டைகள் அவள் அடுக்கியபடியே இருந்தன.

"எடுத்ததுதான் எடுத்தீங்க, படிச்சாவது இருக்கலாம்லக்கா. மூடியக்கூட தொறக்கல போல."

உண்மைதான். அது அவளிடம் இல்லாமல் போனால் போதும் என்றுதான் இருந்தேன்.

டின்னை என் பக்கம் தள்ளிவிட்டாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் செய்தபடியே நானும் அட்டைகளை, தப்பானதை மறுநாளும் சரியானதை நாலு நாள் கழித்தும், எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் தடவை தேறிவிட்டேன். அதற்குள் அவள் ஓட்டும் சோதனையிலும் தேறி, வேன் அவள் கைக்குப் போய்விட்டது.

காலையில் அவள் வேனைக் கிளப்பும்போது இன்னும் எரியத்தான் செய்கிறது. ஆனால் தெரியாததை இப்போது அவளிடமே கேட்டுவிடுகிறேன். எடுத்து ஒளிப்பதைவிட, கேட்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.