ரெசிஸ்டர் போடாத ஜோடி

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ரத்தோட்டை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது நிஸாம் நானாவின் மகள் அழைத்தார். "வாப்பா மவுத்தாயிட்டாங்க மாமா. அஸர் தொழுகையோட அடக்கம்" என்றார். பஸ் நிறையச் சனம். கம்பியைப் பிடித்தபடி நின்றே அழுதேன்.

மாத்தளை நகரில் இருபது வருடம் நாங்கள் ஒரே மேசையில் ஸ்பீக்கர் திருத்தினோம். கடை அவருடையது, ஆனால் ஒருநாளும் என்னிடம் முதலாளித்தனம் காட்டியதில்லை. அண்ணன் மாதிரி என்பதால் நானா என்றே கூப்பிடுவேன். பிளேனர் மேக்னட்டிக் ஸ்பீக்கர் என்றால் அவருக்கு உயிர். அதில் கூம்பு கிடையாது, பெட்டி கிடையாது. கதவு உயரச் சட்டத்தில், காந்தங்களை ஒட்டி, அலுமினியக் கம்பி பதித்த மெல்லிய தாள் ஒன்று அதிரும், அவ்வளவுதான். நம் ஊர் ஈரத்துக்குப் பசை விட்டுப்போகும். திருத்தித் தரச் சொல்லிக் கண்டியிலிருந்தெல்லாம் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பழைய பாட்டைப் போட்டு, சலங்கை ஒலிக்கும் இடத்தில் கையை உயர்த்தினார். "ட்ரெபிள்னா காதக் குத்துறதில்ல செல்வா. ஆடுற ஆள் எந்தப் பக்கம் நிக்கிறாங்கன்னு தெரியணும்" என்றார். உண்மையாகவே தெரிந்தது.

அறுபதைத் தாண்டியபின் சலங்கை போன்ற அந்த உச்ச ஒலிகள் அவருக்குக் கேட்காமல் போயின. ட்ரெபிளை அடக்குகிற ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, இப்போதுதான் சரி என்பார். அலுவிகாரையில் ஒரு வீட்டுக்கார அம்மா, காது கூசுகிறது, ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு போங்கள் என்று போனில் சத்தம் போட்டார். நானாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனியே போய் ரெசிஸ்டரைத் திரும்பப் போட்டுவிட்டு, அவர்களுக்கு நல்ல சந்தோஷம் என்று கடையில் வந்து புளுகினேன். அதன்பின் மூன்று வருடம் இதே கள்ளவேலைதான். கொண்டுபோய்க் கொடுப்பதும் நான், பின்மூடியைத் திறந்து ரெசிஸ்டர் போடுவதும் நான். காது டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கலாம். அவர் மனம் உடைந்துவிடும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். கோழை!

நெஞ்சுவலியோடு அவர் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். பிளேன்டீ வைத்துவிட்டு மகள் உள்ளே போனதும், "ஊட்டுல இருக்கிற ஸ்பீக்கர் ஜோடிக்கு மட்டும் ரெசிஸ்டர் போட்டுடாத செல்வா. அது எனக்குக் கேக்கட்டும்" என்றார்.

 எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"மொதல் தரமே தெரியும். டப்பால ரெசிஸ்டர் கொறைஞ்சிச்சே. கேட்டா நீ சங்கடப்படுவேன்னு உட்டுட்டேன்" என்றார். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றே உட்கார்ந்திருந்தேன். கேட்காமலே எழுந்து வந்தேன். மறு வாரம் வெள்ளிக்கிழமை அவர் இல்லை.

நேற்று அந்த ஜோடியை மகள் என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வாப்பா அப்படிச் சொன்னாராம். ஏதோ ஒரு பாட்டைப் போட்டேன். காதில் ஊசி ஏற்றினமாதிரி இருந்தது. குறைக்கச் சொல்லி மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு முழுவதையும் கேட்டேன். இவ்வளவு கத்தினால்தான் நானாவுக்குக் கேட்டிருக்கிறது. பக்கத்திலேயே இருந்தும், ஒருநாள்கூட அவரோடு உட்கார்ந்து நான் இப்படிக் கேட்கவில்லை.

அல்லாஹ்விடம் நிம்மதியாகப் போய்ச் சேருங்கள் நானா. உங்கள் ஜோடியின் பின்மூடியை நான் திறக்கமாட்டேன்.