தனியாக வசிப்பவர்: இல்லை

என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் விளங்கச் சொல்ல முடிந்ததில்லை. தி.நகரில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். வயதானவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்துவந்து, சோதனை முடிவைச் சொல்கிற சின்ன நிறுவனம். எங்களிடம் இருக்கும் விவரங்களை வேறு இடத்து மென்பொருள் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு வாசல் வைத்திருக்கிறோம். அதற்குப் பெயர் ஏபிஐ. அந்த வாசல் வழியாக என்னென்ன கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று எழுதிவைப்பவள் நான். ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு கட்டம், அதுதான் ஃபீல்டு. பெயர் ஒரு ஃபீல்டு, முகவரி ஒரு ஃபீல்டு, இப்படிப் போகும்.

மழைக்காலம் தொடங்கும் சமயம், ஒவ்வொரு ஃபீல்டும் எப்போது சேர்க்கப்பட்டது என்பதையும் எழுதச் சொன்னார் மேலாளர். மற்றவர்களுக்கு அது தண்டனை. எனக்கோ கரும்பு தின்னக் கூலி. ஊர் வம்பு என்றால் எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஒரு ஃபீல்டு சும்மா வந்து சேராது, யாராவது கத்தியிருக்க வேண்டும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது இங்கேயும் உண்மை. ‘நாய் உண்டா’ என்ற ஃபீல்டு ஏன் வந்தது என்று விசாரித்ததில், மேற்கு மாம்பலத்திலிருந்து எங்கள் ஆள் ஒருவர் கிழிந்த பேன்ட்டோடு திரும்பி வந்த கதை கிடைத்தது. ‘லிஃப்ட் உண்டா’ என்பதற்குப் பின்னால் ஒருவரின் முட்டிவலி. டீ குடிக்கும் நேரமெல்லாம் இதையே துருவிக்கொண்டு திரிந்தேன்.

‘தனியாக வசிப்பவர்’ என்ற ஃபீல்டுக்கு வந்தபோதுதான் இடித்தது. அது சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்பே எங்களிடம் பதிந்தவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். அத்தனை பேருக்கும் ‘இல்லை’. மயிலாப்பூர், அடையாறு, மாம்பலம், எங்கே தேடினாலும் ஒருவர்கூடத் தனியாக இல்லை. இந்தத் தெருக்களில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பிறகு யார்தான் இவர்களோடு இருக்கிறார்கள்?

அந்த ஃபீல்டைச் சேர்த்த பொறியாளன் என் பக்கத்து இருக்கைக்காரன்தான். அவனைக் கேட்டேன்.

“பழைய ஆளுங்ககிட்ட யாரும் கேக்கவே இல்லக்கா. ஆனா ஃபீல்டுன்னா உள்ள ஏதாவது இருக்கணும்ல? எல்லாத்துக்கும் ‘இல்லை’ன்னு போட்டு வுட்டேன்.”

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிட்டு எவ்ளோ சாதாரணமாச் சொல்ற!”

எனக்கு உண்மையிலேயே கோபம். புயல் வரப்போகிறது என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெருவில் தண்ணீர் நின்றால், தனியாக இருக்கும் வயதானவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கத் திருவான்மியூரில் ஒரு தன்னார்வக் குழு தயாராகிக்கொண்டிருந்தது. எங்கள் ஏபிஐயில் யாருக்கு ‘ஆம்’ என்று இருக்கிறதோ, அந்த வீடுகளுக்குத்தான் அவர்கள் போவார்கள். நாங்கள் கேட்கவே கேட்காத மனிதர்களின் வாசலை அந்தச் சாப்பாடு தாண்டிப் போய்விடும். ‘மென்பொருளின் இன்ன பதிப்பில் சேர்க்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதினால் என் கடமை முடிந்தது. ஆனால் பசியோடு இருப்பவர் அந்த வரியைப் படிக்கப் போவதில்லை.

மேலாளர் சம்மதித்தார். அந்த ஃபீல்டுக்கு மூன்றாவதாக ‘கேட்கவில்லை’ என்று ஒரு பதிலைச் சேர்த்து, பழையவர்கள் எல்லாரையும் அதற்கு மாற்றினான் அவன். மறுநாள் காலை இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினோம். விவரத்தைக் குழுவுக்குக் கொடுக்கச் சம்மதமா என்றும் கேட்டுவிடலாம் என்று திட்டம்.

முதலில் மயிலாப்பூரில் ஒரு மாமி. “நீங்க தனியாவா இருக்கீங்க?” என்று கேட்டதுதான் தாமதம்.

“நீ யாரு? நான் தனியா இருந்தா ஒனக்கென்ன, இல்லேன்னா ஒனக்கென்ன? ஆத்துல நாலு பேர் இருக்கோம். எம் பிள்ளை போலீஸ்ல இருக்கான், கூப்பிடட்டுமா?”

போனை வைத்துவிட்டார். பக்கத்தில் அவனுக்குத் திருவல்லிக்கேணியிலிருந்து அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. “இன்னா நைனா, ஊட்ல ஆள் கீதா இல்லியான்னு நோட்டம் வுடுறியா?”

மத்தியானத்துக்குள் எல்லா வீடும் நிரம்பி வழிந்தது. மகன்கள், மருமகன்கள், ஒரு வீட்டில் பெரிய நாய்கூட இருந்தது. அந்த வீட்டுக்கு ‘நாய் உண்டா’ ஃபீல்டில் ‘இல்லை’ என்று இருந்ததை நான் கவனித்தேன்.

“பாத்தீங்களாக்கா? நான் போட்ட ‘இல்லை’ கரெக்ட்டுதான்,” என்று அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையெல்லாம் கேட்டு, பொய்யை இன்னும் கெட்டியாக்கியதுதான் மிச்சம்.

மழை பிடித்துக்கொண்டது. கீழே இறங்க முடியாமல் மெஸ்ஸுக்குப் போன் போட்டேன். “எத்தினி சாப்பாடு?” என்றார் எடுத்தவர். மேலாளரையும் சேர்த்து “மூணு,” என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. யாரென்றே தெரியாத ஒருவரிடம், இங்கே எத்தனை பேர் இருக்கிறோம் என்பதை யோசிக்காமல் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டது சோற்றைப் பற்றி. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சாப்பாடு வருவதற்குள் மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை தனியா, கூட்டமா என்ற பேச்சையே எடுக்கவில்லை. ரத்தம் எடுக்க வருகிற இடத்திலிருந்து பேசுகிறோம், மழை வலுத்தால் உங்கள் விவரத்தைக் கொடுத்து வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பச் சொல்லட்டுமா, எத்தனை பேருக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டோம். திருவல்லிக்கேணிக்காரர் மூன்று கேட்டார். பேரப் பிள்ளைகள் நிஜமாகவே பின்னால் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாய் வீட்டுக்காரர் இரண்டு என்றார்.

மயிலாப்பூர் மாமியை நானே கூப்பிட்டேன். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

“காலம்பற பேசினது நீதானே?”

“ஆமா மாமி.” விஷயத்தைச் சொன்னேன். மழைக்கு நடுவே அவருக்குக் கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு தரமும் சொன்னேன்.

“சாம்பார்ல வெங்காயம் போடுவாளோ?”

“போடாமக் குடுக்கச் சொல்றேன் மாமி. எத்தனை பேருக்கு?”

நாலு என்று பதியத் தயாராக விரலை வைத்திருந்தேன்.

“ஒண்ணு போறும்,” என்றார். “அதையே ராத்திரிக்கும் வச்சுண்டுடுவேன்.”