எனக்கு மட்டும் கேட்காத சலங்கை

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன், பாட்டுப் பைத்தியம். ஹெட்போன் ரசிகர்களின் வாட்ஸப் குழுவில் எல்லோரும் கொண்டாடிய, காதை முழுக்க மூடும் விலையுயர்ந்த ஹெட்போனை ஆசைப்பட்டு வாங்கினேன். என் பழைய ஹெட்போனுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "வெறும் பேருதானுங்க" என்று குழுவில் எழுதிச் சண்டை போட்டேன்.

அலுத்துப்போய், வீட்டில் துணி தைக்கும் மனைவியிடம் இரண்டையும் கொடுத்தேன். மாறிமாறி மாட்டிப் பார்த்தவள், "ஏனுங்க, புதுசுல சலங்கைச் சத்தம் எப்படித் தெளிவாக் கேக்குதுங்க!" என்றாள்.

எனக்கு இரண்டிலுமே சலங்கை கேட்கவில்லை.

தறிச் சத்தத்தில் போன காது திரும்பாது என்றார் டாக்டர். இப்போது தறி ஓட்டும்போது அந்த ஹெட்போனைத்தான் மாட்டிக்கொள்கிறேன். என்ன பாட்டு என்று பக்கத்துத் தறிக்காரர் சைகையில் கேட்கிறார். பாட்டெல்லாம் இல்லை, மிச்சமிருக்கும் காதுக்கு ஒரு மூடி, அவ்வளவுதான்.