கால்வாயில் கொட்டிய மாத்திரைகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் புதுச்சேரியில் ஒரு மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ரத்தக் கொதிப்பு. மருத்துவக் கல்லூரியில் ஒரு புது மாத்திரையைச் சோதிக்கும் ஆராய்ச்சிக்கு, விவரம் சொல்லி என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். தினமும் ஒரு மாத்திரை. மாதம் ஒருமுறை மிச்சத்தை டப்பாவோடு கொண்டுபோனால் நர்சம்மா எண்ணி எழுதிக்கொள்வார்.

அதைப் போட்டால் அடிக்கடி சிறுநீர் வரும். ஓடும் தறியை விட்டுவிட்டு எத்தனை தடவைதான் போவது? வேலை நாட்களில் போடாமல் விட்டேன். திட்டுவார்களே என்று, ஆஸ்பத்திரிக்குப் போகும் காலையில் மிச்சத்தைக் கால்வாயில் கொட்டிவிட்டுக் காலி டப்பாவை நீட்டினேன். கொதிப்பு இறங்கவில்லையே என்று டாக்டர் தினமும் இரண்டு மாத்திரையாக்கினார்.

ஆடி மாதம் லீவில் வீட்டிலிருந்தேன். மனைவி நாள் தவறாமல் இரண்டையும் எடுத்துக் கொடுத்தாள். ஐந்தாம் நாள், வீராம்பட்டினம் தேர் பார்க்கப் போன இடத்தில் கண் இருட்டி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், கொதிப்பு ஒரேயடியாக இறங்கிவிட்டது என்றார்கள்; உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“போடலன்னா போடலன்னு சொல்லியிருக்கலாமே. காலி டப்பாவப் பாத்துட்டு, இந்த மருந்து வேலை செய்யலன்னுல்ல எழுதி வச்சிருக்கேன்” என்றார் டாக்டர். பழையபடி ஒன்றாக்கி, வேலை முடிந்து வந்து போடச் சொன்னார்.

அன்றிலிருந்து எந்த டாக்டரிடம் போனாலும், கொதிப்பு பார்க்கக் கையில் பட்டை சுற்றுவதற்கு முன்பே விட்டுப்போன நாட்களைச் சொல்லிவிடுகிறேன். திட்டுக்குப் பயந்தேனே, விழுந்ததற்கு அடுத்த மாதம் நான்கு மாத்திரை மிச்சத்தோடு போனபோது நர்சம்மா எண்ணினார், எழுதினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.