பக்கத்துப் பாயில் ஓர் அச்சுக்கோப்பவன்

எங்கள் ஊர்த் தியாகிகள் மண்டபத்தில் லெய் ஷான்முவுக்கு வழிகாட்டி உத்தியோகம் கிடைத்ததற்கு ஒரே தகுதி, அவர் சாகாமல் போனதுதான். 1949-இல் தாங் யூஃபெயும் அவரும் ஒரே சிறை அறை. தாங் அசல் புரட்சிக்காரர். லெய், துண்டறிக்கைக்கு அச்சுக்கோத்து மாட்டிக்கொண்டவர். சுடுவதற்கு இழுத்துப்போவதற்கு முந்தின ராத்திரி தாங் நாலு வரி சொல்லி, மனைவி சூலானிடம் சேர்க்கச் சொன்னார். காகிதம் ஏது? லெய் மனப்பாடம் செய்துகொண்டார்.

"நாளை என் கஞ்சிக் கிண்ணம் கவிழும், அழாதே.
பிளம் பூக்கும்வரை காத்திரு, அதற்குமேல் வேண்டாம்.
பக்கத்துப் பாயில் ஓர் அச்சுக்கோப்பவன், குறட்டை விடுவான், நல்லவன்.
உயிரோடு வந்தால் அவனுக்கு ஒரு கிண்ணம் வை."

அச்சுக்கோப்பவன் வேறு யார், சாட்சாத் லெய்தான். இருபது நாளில் நம் புரட்சிப் படை வந்து சிறைப் பூட்டை உடைத்தது. வெளியே வந்த மனுஷன் நேராக சூலானிடம் போயிருக்க வேண்டாமா? மாவட்டக் கட்சிக் கமிட்டிக்குப் போனார். அங்கேதான் சனி பிடித்தது.

செயலாளர் பாங் கேட்டுவிட்டு முகம் சுளித்தார். பக்கத்து மாவட்டத் தியாகி இடியையும் மின்னலையும் பாடிவிட்டுச் செத்திருக்கிறார். நம் ஆள் கஞ்சியையும் குறட்டையையும் பாடினால் மாவட்டத்தின் மானம் என்னாவது? இது தியாகியின் கவிதையா, கல்யாணத் தரகா என்று கேட்டார். அச்சுக்கோப்பவனைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் செங்கொடியை வைத்தார்கள். குறட்டை போய் முழக்கம் வந்தது. கொடியைக் காத்து நில் என்று மனைவிக்குக் கட்டளை போட்டுக் கவிதை முடிந்தது. சாட்சிக் கையெழுத்து லெய்யுடையது.

அதோடு விட்டார்களா? 1958-இல் கட்சி உத்தரவுப்படி ஊரெல்லாம் இரும்பு உருக்கியபோது தாங்கும் கவிதையில் உலை மூட்டினார், செத்து ஒன்பது வருஷம் கழித்து. உலைகள் அணைந்ததும் அந்த வரி சத்தமில்லாமல் கழன்றது. பிறகு தாங்கின் மாமா நிலம் வைத்திருந்த வர்க்க எதிரி என்று தெரியவந்து, கவிதையே எட்டு வருஷம் அலமாரிக்குள் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் லெய் புதுசை மனப்பாடம் செய்து, இதைத்தான் என் காதால் கேட்டேன் என்று மண்டபத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் சத்தியம் செய்தார்.

சூலானைப் பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். கொடியைக் காக்கிறவளை எவன் கட்டுவது என்று பாங்கே திருப்பி அனுப்பினார். கூட்டுறவு உணவக ஜன்னலில் அவள் தோஃபு என்கிற சோயாத் தயிரைக் கிண்ணங்களில் ஊற்றினாள். லெய் தினமும் காலையில் அங்கேதான் சாப்பிட்டார். மிளகாய் கொஞ்சம் தூக்கலாக வேண்டும் என்று கேட்பார், அவ்வளவுதான். 'செத்தவன் என்னைக் கட்டிக்கொள்ளச் சொன்னான்' என்று எந்த வாயால் சொல்வது? ஆசை இல்லாமலும் இல்லை. அதுதான் வாயை அடைத்தது. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, மண்ணாங்கட்டி!

1979-இல் கவிதையைக் கல்லில் வெட்டினார்கள். சிங்மிங் நாளில், கல்லறைகளைக் கூட்டிப் பெருக்கிய கையோடு, திறப்பு விழா. எல்லாரும் வரும் முன்பே சூலான் வந்து கல்லை இரண்டு தரம் படித்தாள்.

"லெய் தோழர், நெஜத்தைச் சொல்லுங்க. இதுல அவர் எங்க இருக்காரு? அந்த மனுஷன் சாப்பாட்டைத் தவிர வேற எதையும் பாடினதில்லையே."

லெய், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, அந்த நாலு வரியை அப்படியே சொன்னார். மூன்றாவது வரியை மட்டும் அவசரமாகத் தாண்டினார்.

சூலான் அழவில்லை. அவளுக்கு வந்தது கோபம்.

"கமிட்டி மாத்துச்சு, சரி. தினம் என் ஜன்னலுக்கு வந்தீங்களே, மிளகாய் கேக்கத் தெரிஞ்ச வாய்க்கு இதைச் சொல்லத் தெரியலையா? அவர் என்னை உங்ககிட்ட ஒப்படைக்கல தோழர், உங்களைத்தான் என்கிட்ட ஒப்படைச்சாரு."

லெய் கல்லின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னைக்காவது எல்லார் முன்னாலயும் அதைச் சொல்லுங்க. நான் முன்வரிசையில உக்காந்திருக்கேன்," என்றாள்.

கூட்டம் சேர்ந்தது. வயசான பாங் நாற்காலியில் சாய்ந்தபடி, கவிதையைச் சொல்லும்படி கையைக் காட்டினார். லெய் எழுந்தார், சூலானைப் பார்த்தார், பாங்கைப் பார்த்தார். பிறகு கல்லில் இருந்ததை, ஒரு சொல் பிசகாமல், கணீரென்று சொல்லி முடித்தார்.